தாரைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் போன மகனுக்கு

மூர்த்திக்குச் சித்தி எழுதுவது. நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டியைப் பற்றித்தான் என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாளும் இந்தக் காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. உட்கார்ந்தேன் என்று பேர்தானே தவிர, தெருவில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வரி எழுதுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மஸ்கட்டில் உன் அறையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஒருவர் படிக்க மற்றவர்கள் படுத்துக்கொண்டே கேட்பார்கள் என்று போனில் சொன்னாய். தாராளமாகக் கேட்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதெல்லாம் தெரிந்த கதைதானே என்று அலுத்துக்கொள்ளாதே.

அவர்களுக்குச் சொல், நம் வீட்டில் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன்பே உன் அப்பா வாங்கியது, அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. வெள்ளை நிறம், உருண்டை மூஞ்சி. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எத்தனையோ கல்யாணப் பெண்கள் மாலையும் கழுத்துமாக அதில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இப்போது எத்தனை புதுப் புது வண்டி வந்தாலும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்த உருண்டை மூஞ்சிதான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு இரும்பு வண்டியை வைத்துக் காப்பாற்றுவது சின்ன விஷயமில்லை. இங்கே ஜன்னல் கம்பிகூட வருஷத்துக்கு ஒருதரம் உரிகிறது. அதனால் உன் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ரோடு போடுகிற தாரை ஒரு டின்னில் போட்டு, பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிக் காய்ச்சி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் பூசுவார். போன வருஷத்துப் பூச்சின் மேலேயே இந்த வருஷத்துப் பூச்சு. மழைக்காலம் வருவதற்குள் இரும்புக்குச் சட்டை போட்டாயிற்று என்பார். மற்றவர்கள் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால், நம் வண்டிக்கு முதலில் தார், அப்புறம்தான் சந்தனம்.

போன மழையில்தான் வினை ஆரம்பித்தது. தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். தெருவில் தேங்கின தண்ணீரில் வண்டி மெதுவாகத்தான் போனது. மண்டபத்து வாசலில் பெண்ணை இறக்கும்போது அவள் கட்டியிருந்த பட்டுப்புடவையின் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. கதவு மூடியிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. பெண்ணின் அம்மா, "இன்னாயா இது, வண்டியா படகா" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். உன் அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார், அவர் காலும் நனைந்திருந்தது. அவர் காலுக்கு அடியில் தண்ணீர் வருகிறது என்று எனக்கு முன்பே தெரியும். மழை நாளில் சாக்கு மடித்துப் போட்டு அனுப்புகிறவள் நான்தானே. கால் நனைவதை நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. நீதான் குனிந்து பார்த்துவிட்டு, "நைனா, தாரு மொத்தத்தையும் எடுத்தாத்தான் உள்ள இன்னா கீதுன்னு தெரியும். தகரம் இருந்தா வண்டி. இல்லாங்காட்டி சாத்தாங்காடுதான்" என்றாய். சாத்தாங்காடு என்றால் பழைய இரும்பு எடைக்குப் போகிற இடம் என்று உன் நண்பர்களுக்குச் சொல்லிவிடு. அந்த வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பா காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அதைக் கிளறுவதில் இஷ்டமில்லை என்று உனக்குத் தெரியும். ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று சொன்னேன். நீ கேட்கவில்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து ரயில் பாதைக்குப் போடுகிற பழைய மரக்கட்டைகளை வாங்கி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாய். முதல் நாள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாய், தார் கரைந்து வழிந்து உன் தலையெல்லாம் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். வெயில் ஏறினால் அது பலாப்பிசின் மாதிரி இழுக்கிறது, விடியற்காலையில்தான் இறுகிக் கிடக்கிறது, அப்போது உளியை வைத்துத் தட்டினால் பாளம் பாளமாக உடைந்து விழுகிறது என்று நீயே கண்டுபிடித்தாய். மார்கழி மாதம் அதற்கு வசதியாகப் போயிற்று. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பிக்கும்போது நான் வாசலில் கோலத்துக்கு உட்காருவேன், நீ வண்டிக்கு அடியில் போவாய். உன் கால் இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கோலம் போடுவது? புள்ளி தப்பித் தப்பிப் போகும். பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் போனால் கட்டை அசைகிறதா என்று பார்ப்பேன். "மூர்த்தி, மூச்சு வுடுறியா?" என்று கேட்பேன். "வுட்டுகினுதான் கீறேன் சித்தி, நீ கோலத்தப் போடு" என்பாய்.

அடுப்படியில் இருந்தாலும் என் காது அங்கேதான். தாரை எடுத்த இடத்தில் நீ சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பாய். நல்ல இரும்பாக இருந்தால் டங் என்று கேட்கும். துரு பிடித்த இடமாக இருந்தால் தொப் என்று ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி இருக்கும். டங் கேட்கும்போதெல்லாம் நான் தாளிப்புக் கரண்டியை வைத்துவிட்டு ஒரு கும்பிடு போடுவேன். உன் அப்பாவும் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பவே மாட்டார். டிக்கிப் பக்கம் டங். பின்சீட்டுக்கு அடியில் டங். வேலை முடிந்ததும் உன் கைக்கும் கழுத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவித் தாரைத் துடைத்துவிடுவேன். சின்ன வயதில் எண்ணெய் தேய்க்க வந்தால் ஓடுவாயே, இப்போது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த மாதம் முழுக்க அந்தக் கால் மணி நேரத்துக்காகவே எனக்குப் பொழுது விடிந்தது.

அப்புறம் அந்தத் தை முதல் வெள்ளி. டிரைவர் கால் வைக்கிற இடத்துக்கு அடியில் நீ தட்டினாய், டங்கும் இல்லை தொப்பும் இல்லை, சத்தமே நின்றுவிட்டது. நான் ஓடி வந்தேன். நீ வெளியே வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். கைக்கொன்றாகச் செப்புத் தகடு. ஒன்று தார்ப் பாளத்துக்குள் அச்சு வார்த்தது போலப் பதிந்து, துடைத்ததும் பளபளவென்று இருந்தது. மற்றது பச்சைக் களிம்பு பிடித்து, துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டிருந்தது. "சித்தி, இதுல எது அம்மாவுது, எது உன்னுது?" என்று கேட்டாய்.

உன் நண்பர்களுக்கு இதையும் விளக்கிவிடு. நான் இவனைப் பெறவில்லை. பெற்றவள் என் அக்கா. மஞ்சள் காமாலையில் அவள் போனபோது இவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான், அடுத்த வருஷம் அவள் இடத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வண்டி வாங்கின புதிதில் அக்கா கோயிலில் தகடு எழுதி வாங்கி வந்து, அந்த வருஷத்துத் தார் ஈரமாக இருக்கும்போதே அதில் அழுத்தி வைத்தாளாம். நான் வந்ததும் இவர் அதைச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் வைத்தது தாருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, இரும்பைத் தொடவே இல்லை, அப்புறம் அது எப்படி வண்டியைக் காக்கும் என்று எனக்குத் தோன்றியது. தாலி உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே கணக்கில் நானும் ஒரு தகடு வாங்கி வந்தேன். இவரைக் கொண்டு அக்காவுடையதற்குப் பக்கத்திலேயே தாரைச் சுரண்டச் சொல்லி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு, அதன் மேல் தகட்டை ஒட்ட வைத்து, மேலே தார் பூச வைத்தேன். அவர் காலுக்கு நேர் கீழே. நீ அப்போது முன்சீட்டில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வருவாய், உட்காரச் சொன்னால் அழுவாய். இரண்டு பேரும் பத்திரமாக வர வேண்டுமே என்றுதான்.

பச்சையாக இருந்ததுதான் என்னுடையது. அது இருந்த இடத்தில் நீ ஸ்குரூ டிரைவரை வைத்தாய், அது போய்க்கொண்டே இருந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் கீழே உன் முகம் தெரிந்தது. காதர் பாய் அப்போதுதான் வந்தார். தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற உன் தோஸ்து. பார்த்துவிட்டு, "அத்தே, செம்பும் இரும்பும் சும்மா இருந்தா ஒண்ணியும் இல்ல. நடுவுல உப்புத் தண்ணி பூந்துச்சுன்னா செம்பு நிக்கும், இரும்பு கரைஞ்சிடும். உன் சாமி நல்லாதான் கீது, தரைதான் பூடுச்சு" என்றார். நீ அவரை முறைத்தாய். அவர் உடனே, "ஈரச் சாக்கும் சேர்ந்துகிச்சு அத்தே, தகட்டை மட்டும் சொல்லக்கூடாது" என்று மாற்றிப் பேசினார். சாக்கு போட்டதும் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அக்கா தகடு இருந்த இடத்தை நீ தட்டினாய். டங் என்று கோயில் மணி மாதிரிக் கேட்டது. அந்த இடத்தில் வண்டியோடு வந்த பழைய சாம்பல் பெயிண்ட்கூட அப்படியே இருந்தது. இரண்டு தகட்டையும் பேப்பரில் சுற்றி என் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். அன்றைக்கு எண்ணெய் தடவ உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, நீயேதான் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய்.

ஓட்டையை அடைத்து, பெயிண்ட் அடித்து, புதுத் தார் பூசிவிட்டுத்தான் மஸ்கட் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். விசா நம் வசதி பார்த்தா வருகிறது? நாளைக் கழித்து மறுநாள் கிளம்பு என்று ஏஜெண்ட் சொன்னதும் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. வண்டி கட்டையின் மேல், அடியில் ஒரு பொட்டுத் தார் இல்லாமல், தோலுரித்த மாதிரி நின்றது. ஏர்போர்ட்டில் நீ என் காதில், "சித்தி, ரெட் ஆக்சைடு டின்னு கட்டிலாண்ட கீது. பாய வரச்சொல்லி அடிச்சுடு. வெறும் இரும்பா வுடாதே" என்றாய். நானோ அதற்குப் பதில் சொல்லாமல், தினமும் போன் பண்ண வேண்டும் என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நீ போன மறுநாளே குனிந்து பார்த்தேன். இரும்பின் மேல் மஞ்சள் தூளைத் தெளித்த மாதிரி துரு பூத்திருந்தது. எண்ணூர் பக்கத்துக் காற்று அப்படி. பழைய புடவைத் துணியை எண்ணெயில் நனைத்துக் கை எட்டின இடமெல்லாம் துடைத்தேன். மறுநாளும் பூத்தது, மறுநாளும் துடைத்தேன். உன் அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாயை வரச்சொல்லட்டுமா என்று கேட்டால், "இன்னாத்துக்கு?" என்றார். "எத்தினி பொண்ணுங்கள ஏத்திகினு போயிருக்கேன். என் காலுக்கு அடியில தரையே இல்லாம, தாரு மேல கால வெச்சுகினு ஓட்டியிருக்கேன். அது தெரியாத ஒருத்தன் டிரைவராமே?" என்றார். இன்னொரு நாள், "அவனே பூட்டான், அப்பால வண்டி எதுக்கு" என்றார். திங்கட்கிழமை லாரி கொண்டுவரச் சொல்லி சாத்தாங்காட்டுக்காரனுக்குச் சொல்லியும் விட்டார். அந்த வண்டி போனால் அவர் விடிந்தால் பேப்பர், இருட்டினால் படுக்கை என்று மூலையில் உட்கார்ந்துவிடுவார். அம்மனுக்கு விளக்குப் போட உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை, மந்திரம் பாதியில் ஓட்டையில் போய் நிற்கிறது. இது விளக்குப் போட்டுத் தீருகிற விஷயமில்லை என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துக் காதர் பாய் பட்டறைக்கே போய்விட்டேன்.

சனிக்கிழமை பாய் வந்து ஓட்டையைச் சுற்றி நல்ல இரும்பு வரைக்கும் வெட்டி எடுத்து, தகரம் வைத்து வெல்டிங் போட்டார். பெயிண்ட் அடிக்க நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். நாளைக்கு என்பது எனக்கு எட்டாத தூரமாக இருந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் உன் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன், தலையைத் துணியால் கட்டினேன், டின்னையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு கோணியை விரித்து உள்ளே போய்விட்டேன். தெருவே நின்று பார்த்தது. பார்க்கட்டும். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, நீ ஒரு மாதம் எப்படிப்பட்ட இரும்புக்குக் கீழே கிடந்தாய் என்று. இரும்பு மூக்கைத் தொடுகிற மாதிரி இருக்கிறது, மூச்சு விடவே பயமாக இருக்கிறது. டங் கேட்ட இடத்திலெல்லாம் நீ சாக்பீஸால் டிக் போட்டு வைத்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் எனக்கு இத்தனை டிக் விழுந்ததில்லை. ஒவ்வொரு டிக்காக அம்மன் பேரைச் சொல்லிப் பூசிக்கொண்டே போனேன். பாதி பெயிண்ட் என் முகத்தில்தான். உன் அப்பா வந்து குனிந்தார்.

"இன்னாமே, மூஞ்சி முழுக்கக் குங்குமமா?"

"வந்தா வாங்க, இல்லாட்டி வெளிச்சத்தை மறைக்காம நவுருங்க" என்றேன்.

நகர்ந்தார். போகவில்லை, பக்கவாட்டில் நின்றுகொண்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை லாரி வந்தேவிட்டது. நான் வாசலில் நின்றேன். இரும்புக்காரன் என்னைத் தாண்டிப் போய், கையிலிருந்த கம்பியால் வண்டியின் அடியில் தட்டினான். டங். நகர்ந்து தட்டினான். டங். பாய் வைத்த இடத்திலும் தட்டினான், அங்கேயும் டங். உள்ளே பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. உன் அப்பா வெளியே வந்தார்.

"யோவ், யாரக் கேட்டு என் வண்டியத் தட்டுறே?"

"நீதானே நைனா வரச்சொன்னே?"

"சொன்னேன். இப்ப போன்னு சொல்றேன்."

"பேஜார் புடிச்ச ஆளா இருக்கியே. லாரி எடுத்துகினு வந்திருக்கேன், ஒரு டீயாவது போடச் சொல்லு" என்று அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெரிய டம்ளரில் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அடி கெட்டியா கீது நைனா, நானா இருந்தாலும் எடைக்குப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் உன் அப்பா குனிந்து, அவர் கால் வைக்கிற இடத்தில் விரல் மடக்கி அவரும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கே தார் காய்ச்சினார். பழைய மாதிரி அள்ளி அப்பவில்லை. "இந்தத் தபா மெல்லிசா போதும். அடியில இன்னா நடக்குதுன்னு அடுத்த வாட்டி தெரியணும்" என்றார். நீயும் அங்கே அப்படி இரு மூர்த்தி. ஒரே அறையில் அத்தனை பேர் இருந்தால் உரசல் வராமல் இருக்காது. வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள். கால் நனைகிறது என்று தெரிந்தால் சாக்கு போட்டு மூடாதே, என்னைப் போல.

தார் ஈரமாக இருக்கும்போதே அவர், "தகடு?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, அக்காவுடையதை மட்டும் அவள் வைத்த மாதிரியே தாருக்குள் வைக்கலாம், இரும்பைத் தொடாமல், என்று பூஜை அலமாரிக்குப் போனேன். பேப்பரைப் பிரித்தால் உள்ளே ஒன்றுதான் இருந்தது. பளபளப்பாக இருந்தது மட்டும்தான். அலமாரி முழுக்கத் தேடினேன். படத்துக்குப் பின்னால், திருநீறு டப்பாவுக்கு அடியில், எங்கேயும் மற்றது இல்லை. அந்த அலமாரியில் என்னையும் உன்னையும் தவிர யாரும் கை வைப்பதில்லை. அக்கா தகட்டைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் அழுத்தி வைத்தார்.

இன்றைக்கு ராயபுரத்தில் ஒரு கல்யாணம். காலையிலேயே துடைத்து, மாலை போட்டு எடுத்துக்கொண்டு போனார். வானம் வேறு மூடிக்கொண்டு, பருவம் தப்பின மழை ஒன்று இப்போதுதான் பெய்து ஓய்ந்தது. அதனால்தான் ஒவ்வொரு ஹாரனுக்கும் ஓடுகிறேன். சாக்கு கொடுத்து அனுப்பவில்லை. கேட்டார், கொடுக்கவில்லை.

இதோ, இந்த வரிக்கு முன்னால்தான் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் எனக்குத் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, "காபி கொண்டா" என்றார். பாதம் காய்ந்திருந்தது.

தினமும் போன் பண்ணு என்று வாங்கின சத்தியத்தை விட்டுவிடு. உனக்குத் தோன்றும்போது பண்ணு, நான் எஸ்.டி.டி. பூத்தில் போய் நிற்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே லீவு வெள்ளிக்கிழமைதானே, அன்றைக்குத் தலைக்குக் குளி. அந்தப் பச்சை பிடித்ததை எதற்காக எடுத்துப் போனாய் என்று நான் கேட்கப் போவதில்லை. இரும்புக் கட்டில் என்று போனில் சொன்னாய். கட்டிலில் நேராக வைக்காதே. அங்கேயும் கடற்காற்று அடிக்கும். நல்ல கெட்டித் துணியாகப் பார்த்துச் சுற்றி வை.

சித்தி